சமதரையில நூறு மீட்டர்

பத்துக்கு எத்தனைங்கறான்! வலி பத்துக்கு எத்தனையாம்! ஏனுங்க, இருபத்திரண்டு வருசமா இதே ஆஸ்பத்திரியில, இதே வராண்டாவுல, வர்றவங்க போறவங்களையெல்லாம் நான் கேட்ட கேள்விங்க அது. ஒருத்தர் எட்டும்பாரு, ஒருத்தர் பதினஞ்சும்பாரு, நானும் சிரிக்காம எழுதிக்குவேன். இன்னைக்கு அந்த ட்ரெய்னிங் டாக்டர், மொளைச்சு மூணு எல விடல, என்ற முன்னால குனிஞ்சுக்கிட்டு, "மேடம், பத்துக்கு எத்தனை?"ங்கறான். காலு ஒரு ஆறு இருக்கும். கோவம் பதினொண்ணு. வெக்கம்... அதுக்கெல்லாம் அந்த ஃபாரத்துல எடமே இல்லீங்க. நான்தான் அந்த ஃபாரத்தயே டைப் பண்ணுனது. இல்லாம எங்கிருந்து வரும்!

உக்காருங்க, உக்காருங்க. ஏன் நின்னுக்கிட்டு இருக்கறீங்க? அந்தப் பைய இக்கட்டால வைங்க. என்ற காலு மேல பட்டாலும் பரவால்லீங்க, மாவுக்கட்டுதானே... ஆ! இல்லீங்க, படவே இல்ல, சும்மா பயந்துட்டேன். டோக்கன் எத்தனை? நாப்பத்தொம்பதா? நான் நாப்பத்தெட்டு. இப்பத்தான் முப்பத்தொண்ணு உள்ள போயிருக்குது. அது போகட்டும், நம்மளுக்கு நெறைய நேரம் இருக்குது.

என்ற பேரு சுகந்திங்க. சொந்த ஊரு காரமடைப் பக்கம். இங்க பிசியோதெரபிஸ்ட். அந்தக் கடைசீல பச்சைக் கதவு தெரியுதுங்களா, முதுகுத்தண்டுல அடிபட்டவங்களோட வார்டு, அதுதான் என்ற ராஜ்ஜியம். மரத்துலருந்து விழுந்தவங்க, பைக்குல விழுந்தவங்க, கெணத்து வேலைல விழுந்தவங்க. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியாம வருவாங்க. அவங்களக் கையால தூக்கி உக்கார வச்சு, சேர்ல மாத்தி, ஊட்டுக்கு அனுப்பற வேலை.

என்ன? ஸ்டாஃபுக்கு எதுக்கு டோக்கனா? அதக் கேளுங்க! அங்க பாருங்க போர்டு. 'ஊழியர்களும் வரிசையில் வரவும்.' அதையும் நான்தானுங்க எழுதி மாட்டுனேன், போன வருசம். அந்த எக்ஸ்ரே ரூம்காரரு அவரு மச்சானக் குறுக்கால கூட்டிட்டுப் போனாருன்னு கோவத்துல. இப்பப் பாருங்க, நாப்பத்தெட்டு!

சரி, காலுக்கு என்னன்னு நீங்க கேக்கவே இல்ல. மரியாதக்காரங்க. நானே சொல்லிடறேன். சேருங்க. வீல் சேரு. பிரேக் புடிக்கல. ஓடிருச்சு. அவ்வளவுதான்.

அவ்வளவுதான்னா அவ்வளவுதானா! இருங்க, முதல்லருந்து சொல்றேன், இல்லைன்னா உங்களுக்கு ஒண்ணும் புரியாது.

கூடலூர்ப் பக்கம் தேவர்சோலைல ஜெகதீசன்னு ஒருத்தருங்க. முப்பத்தெட்டு வயசு. அவங்க அப்பா அம்மா காலத்துல சிலோன்லருந்து வந்த குடும்பம். தோட்டத்துல கூலி வேலை. மிளகு சீசன்ல சில்வர் ஓக் மரம் ஏறி மிளகு பறிப்பாரு. அறுபது அடி மரங்க! ஒரு மூங்கில் ஏணி, ஒரு சாக்குப் பை, அவ்வளவுதான் ஏற்பாடு. போன பிப்ரவரில ஏணி வழுக்கிருச்சு. முதுகெலும்பு ஒடைஞ்சு, இடுப்புக்குக் கீழ சுத்தமா உணர்வு இல்ல. இங்க கொண்டு வந்தப்ப மனுசன் பேசவே மாட்டாரு. செவத்தப் பாத்துக்கிட்டே படுத்திருப்பாரு. அவரு சம்சாரம் சுகுணா, தேயிலை பறிக்கற பொண்ணு. லீவு போட்டுட்டு வந்து கட்டலுக்கடியில பாய் விரிச்சுப் படுத்துக்கிட்டுப் பாத்துக்கிச்சுங்க. அவரு பேசாததுக்கெல்லாம் சேத்து அது பேசும். என்னையாட்டவே. அதனாலயே எனக்கு அதப் புடிச்சுப் போச்சு.

ஆறு மாசங்க. ஆறு மாசம் அந்த மனுசனுக்கு நான் குடுத்த வேலை இருக்கே... "கையை ஊணு! ஒடம்பத் தூக்கு! இன்னொருக்கா!" மரம் ஏறுன கையில்லீங்களா, எறும்பு மாதிரி... இல்ல, இரும்பு மாதிரி. என்ற பல்லுக்கு என்னமோ ஆகிருச்சு, விழுந்ததுலருந்து வார்த்தையெல்லாம் வழுக்குது. ரெண்டாம் மாசம் கட்டல்லருந்து சேருக்குத் தானா மாறிட்டாரு. மூணாம் மாசம் சேர ஓட்டிக்கிட்டு இந்த வராண்டா முழுக்க ரேஸ் உடறாரு! அன்னைக்குத்தான் முதல்முதல்ல சிரிச்சாரு. அந்தத் தூணோரம் வந்து திருப்பி நிறுத்திக்கிட்டு, "மிஸ், இதுக்கு ஆரன் இல்லியா?"ன்னாரு. என்னைய மிஸ்னுதான் கூப்புடுவாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. கண்ணுல மருந்து விட்டேன்னு எல்லார்த்துகிட்டயும் பொய் சொன்னேன்.

பொய்யா? அது நல்ல பொய்ங்க. விடுங்க அத.

அப்பத்தான் கோயமுத்தூர்ல ஒரு காலேஜ்லருந்து ஒரு ஃபாரம் வந்துச்சு. தலைப்பக் கேளுங்க: 'முதுகுத்தண்டு காயத்திற்குப் பின் ஏற்படும் செயல்பாட்டுப் பிரச்சினைகள் குறித்து மருத்துவப் பணியாளர்களின் கருத்து.' படிக்கறதுக்குள்ளயே மூச்சு வாங்குதில்ல? எங்ககிட்டக் கருத்துக் கேட்டிருக்காங்க! வருசக்கணக்கா யாருமே எங்ககிட்டக் கருத்துக் கேட்டதில்லீங்க. எது பெரிய பிரச்சினையோ அதுக்கு ஒண்ணாம் நம்பர், அடுத்ததுக்கு ரெண்டு, அப்படியே பத்து வரைக்கும் போடணும். மொத்த வார்டுக்கும் சேத்து ஒரே ஃபாரம்.

அதுல ஆரம்பிச்சுது சண்டை. எங்க டாக்டர் கீர்த்திவாசன், தங்கமான மனுசன், சத்தமே வராது. அன்னைக்கு வந்துச்சு. "ஒண்ணாம் நம்பர் மூத்திரப்பைதான். அது அடைச்சுக்கிட்டா கிட்னி போகும், கிட்னி போனா ஆளே போயிருவான்"னாரு. எங்க ஹெட் நர்ஸ் ஞானசுந்தரி சிஸ்டர் இருக்காங்களே, நாகர்கோயில்காரங்க, எந்திரிச்சே நின்னுட்டாங்க. "டாக்டரே, படுக்கைப் புண்ணப் பாத்திருக்கீங்களா? எலும்பு தெரியறதப் பாத்திருக்கீங்களா? அத நான்தான் களுவுதேன், நீங்க இல்ல. புண்ணுதான் ஒண்ணாம் நம்பர்"ங்கறாங்க. நான் விடுவனா? "ஏனுங்க, கட்டல்லருந்து சேருக்கு மாறத் தெரியலைன்னா அவன் படுத்தே கெடப்பான், படுத்தே கெடந்தாத்தானே புண்ணு வரும், அப்ப எது முதல்ல?"ன்னு கேட்டேன். முக்கா மணி நேரங்க! டீ வந்து ஆறிப் போச்சு. சிஸ்டர் மேசையில ஒண்ணு வச்சாங்க பாருங்க, டீ ஃபாரம் மேல கொட்டி, ஒண்ணாம் நம்பர் கட்டமே அழிஞ்சு போச்சு!

இப்பச் சிரிப்பு வருது. அன்னைக்கு மூணு பேரும் மூணு பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்திருந்தோம். அவங்கவங்க பாக்கற வேலைதான் அவங்கவங்களுக்கு ஒண்ணாம் நம்பர். எலும்பு டாக்டரு இருந்திருந்தா எலும்புன்னிருப்பாரு. சமையல்காரம்மாவக் கேட்டா உப்பு கம்மிங்கறதுதான் பெரிய பிரச்சினைன்னிருக்கும்.

கடைசீல டாக்டர்தான் சொன்னாரு, பேஷண்டையே ஒருத்தரக் கேப்போமேன்னு. அடடா, இது நமக்குத் தோணலியேன்னு ஆகிப் போச்சு. ஜெகதீசன் வராண்டாவுல வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தாரு, கூப்புட்டோம். "ஜெகதீசா, உனக்கு எதுப்பா பெரிய பிரச்சினை?" அவரு சேர எங்க பக்கம் திருப்பி நிறுத்துனாருங்க. அப்புறம் மெதுவா, "யாரையும் கூப்புடாம இருக்கணும் சார்"ன்னாரு.

டாக்டர் என்ன கேட்டாரு தெரியுங்களா? "ஏன், போன் ரொம்ப வருதா?"ன்னாரு! நாங்க அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். ஜெகதீசனும் சிரிச்சாரு. சிரிச்சுட்டு, சேரத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு. நான் ஃபாரத்துல ஒரு ஓரத்துல, 'மனநிலை நன்று'ன்னு எழுதி வச்சேன். அப்ப எனக்கு அது புரியலீங்க. சத்தியமாப் புரியல.

முப்பத்திரண்டா? அதுக்குள்ளயா? பரவால்லயே, டாக்டர் இன்னைக்கு வெரசாப் பாக்கறாரு. நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க, நம்ம நம்பர் வர்றதுக்குள்ள நான் முடிச்சிருவேன்.

அப்புறம் டிஸ்சார்ஜ். அதுக்கு ஒரு ஃபாரம். என்ற ஃபாரம்! தானாச் சாப்பிடறாரா, முழு மார்க். தானாக் குளிக்கறாரா, முழு மார்க். தானாக் குழாய் விட்டு மூத்திரம் எடுக்கறாரா, முழு மார்க், அது சிஸ்டர் சொல்லிக் குடுத்தது. 'சமதரையில் நூறு மீட்டர் தூரம் தானாகச் சக்கர நாற்காலியை ஓட்டுகிறாரா?' முழு மார்க்! இந்த வராண்டாவ நாலு சுத்து சுத்துனா நூறு மீட்டர். நம்ம ஆஸ்பத்திரிலயே இதுவரைக்கும் யாரும் வாங்காத மார்க்குங்க. நான் அத ஜெராக்ஸ் எடுத்து என்ற ரூம் செவத்துல ஒட்டி வச்சிருந்தேன், என்னமோ நானே பரிட்சை எழுதின மாதிரி. அளவெடுத்துச் செஞ்ச புதுச் சேரு ஒண்ணு குடுத்து அனுப்புனோம். சுகுணா எல்லார்த்துக்கும் லட்டு குடுத்துச்சு. எனக்கு மட்டும் ரெண்டு.

மூணு வாரங்கழிச்சு ஊட்டப் பாக்கப் போனேன். எங்க வழக்கம் அது, போய் எப்படி இருக்காங்கன்னு பாத்து எழுதணும். ஆஸ்பத்திரி ஜீப்புல காலைல கெளம்பி, ஊட்டி வந்து, பைக்காரா தாண்டி, நடுவட்டத்துல மிஸ்ட்டு, டிரைவரு லைட்டப் போட்டுக்கிட்டு ஊர்ந்து ஊர்ந்து, கூடலூர் எறங்கி, அங்கிருந்து தேவர்சோலை. எனக்கு ரெண்டு தடவை வாந்தி. ஆனா மனசுக்குள்ள ஒரே குஷி. என்ற முழு மார்க் பேஷண்டப் பாக்கப் போறனே!

ரோட்டுல எறங்கி நிமிந்து பாக்கறேன். ஊடு எங்க? மேல! தேயிலைக்கு நடுவுல, செங்குத்தா, முப்பது படி. மண்ணுல வெட்டுன படி. அந்தப் படி மேல நின்னுக்கிட்டு சுகுணா, "வாங்க மிஸ், வாங்க!"ன்னு கையாட்டுது. எனக்கு அப்பத்தான் ஒறைச்சுது. ஏனுங்க, இந்த நீலகிரியில சமதரையில நூறு மீட்டரு எங்கீங்க இருக்குது? ஊட்டி ரேஸ் கோர்ஸ் மைதானத்துல இருக்குது, குதிரைக்கு! மனுசனுக்கு எங்க? இருபத்திரண்டு வருசம், ஒரு ஊரு பூரா சரிவுல இருக்கற எடத்துல உக்காந்துக்கிட்டு, சமதரை சமதரைன்னு எழுதிக்கிட்டே இருந்திருக்கேன்!

ஏறிப் போனா இன்னொண்ணு. சேரு வாசல்ல நிக்குது, ஜெகதீசன் உள்ள கட்டல்ல. என்னன்னு கேட்டா, வாசக்கால் அகலம் ரெண்டடி, சேரு ரெண்டடி மூணு அங்குலம். மூணு அங்குலங்க! மூணு வாரமா அந்த மனுசனால தானா வெளிய வர முடியல! சுகுணா முதுகுல சொமந்து வெளிய கொண்டாந்து சேர்ல வைக்கும், மறுக்கா சொமந்துக்கிட்டு உள்ள போகும். கொழுந்து பறிக்கப் போற முன்னாடி ஒருக்கா, வந்த பொறகு ஒருக்கா. நாங்க அவரோட கை, காலு, மூத்திரப்பை, தோலு எல்லாத்தயும் அளந்தோம். கதவ ஒருத்தரும் அளக்கல.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆவேசம்! "கடப்பாரை இருக்குதா?"ன்னு கேட்டேன். பக்கத்து ஊட்டுக்காரங்க நாலு பேரு வந்துட்டாங்க. ஜெகதீசன் கட்டல்லருந்தே, "மெதுவா, மெதுவா, செவரு வந்துரும்!"ன்னு கத்தறாரு. சுகுணா கைதட்டிக்கிட்டு நிக்குது. அரைமணி நேரத்துல வாசக்கால் நெலவு அக்கட்டால, கதவு இக்கட்டால! ஜெகதீசன் கட்டல்லருந்து சேருக்கு மாறி, அவரே ஓட்டிக்கிட்டு, ஒரு கை படாம, ஊட்டுக்குள்ளருந்து வாசலுக்கு வந்தாருங்க. எல்லாரும் சத்தம் போட்டோம். ஒரு கெழவரு விசில் அடிச்சாரு, பல்லே இல்ல, எப்படி அடிச்சாருன்னு தெரியல! கதவில்லாத ஊடு, மிஸ்ட்டு நேரா உள்ள போய் அடுப்பு வரைக்கும் உக்காந்துருச்சு, ஆனா ஒருத்தருக்கும் வருத்தமில்ல. ஒரு கம்பளியத் தொங்க விட்டுட்டாங்க.

அப்பத்தான் அவரு சொன்னாரு, "மிஸ், இன்னொண்ணு காட்டறேன், பின்னால வாங்க"ன்னு. ஊட்டுக்குப் பின்பக்கம், படிக்குப் பதிலா, மண்ணயும் கல்லயும் கொட்டி ஒரு பாதை போட்டிருக்காங்க, ரோட்டுக்கு எறங்கறதுக்கு. சாய்வு பாத்தா எனக்குத் தலை சுத்துது. ஒரு அடி ஏறணும்னா பன்னெண்டு அடி நீளம் வேணும், அதுதான் எங்க கணக்கு. இது ஒரு அடிக்கு நாலடிகூட இல்ல. அதுல இவரு எறங்கறாராம், ஏறறாராம்! எப்படின்னா, மேல பலாமரத்துல ஒரு கயித்தக் கட்டி, பாதை நெடுக விட்டிருக்காரு. அந்தக் கயித்தப் புடிச்சுக்கிட்டு, கைக்குக் கை மாத்தி, சேரோட எறங்குவாராம். அப்படியே புடிச்சு இழுத்துக்கிட்டு ஏறுவாராம். சுகுணா சொமந்து வெளிய வச்சுட்டு வேலைக்குப் போனதும், தனியா நாலு தடவை ரோட்டு வரைக்கும் போய், டீக்கடையில டீ குடிச்சுட்டு வந்திருக்காருங்க! எந்த ஃபாரத்துலயும் இல்லாத வேலை!

நான் பாராட்டணுமில்ல? என்னமோ... அப்புறம் சேரு ஓடிருச்சு. அதான் சொன்னனே, பிரேக் புடிக்கல. கோழியெல்லாம் பறக்குது, நான் "அய்யோ அம்மா"ங்கறேன், தேயிலைச் செடியெல்லாம் ரெண்டு பக்கமும் விர்ர்ருன்னு போகுது, ஒரு திருப்பத்துல சேரு நின்னுருச்சு, நான் நிக்கல! நேரா செடிக்குள்ள. தேயிலைச் செடி பாக்கத்தான் மெத்தையாட்டம் இருக்கும், உள்ள பூரா விறகுங்க! கணுக்காலு ரெண்டு எடத்துல போச்சு.

கம்பளியில போட்டு நாலு பேரு தூக்கிட்டுப் போய், ஜெகதீசன் கட்டல்லயே படுக்க வச்சாங்க. டிரைவரு ஸ்டெப்னி டயரு பஞ்சர் ஒட்டக் கூடலூருக்கு ஜீப்ப எடுத்துட்டுப் போயிட்டாரு, வர ரெண்டு மணி நேரம். சுகுணா ரெண்டு தடவை டீ குடுத்துச்சு. மலைக் குளிரு, ரெண்டு டீ, ரெண்டு மணி நேரம்... உங்களுக்கே தெரியுமில்ல? அடக்கிப் பாத்தேன். செவத்தப் பாத்துக்கிட்டுப் படுத்துக்கிட்டேன். சுகுணா வெளிய யாரு கூடவோ பேசிக்கிட்டு இருக்குது. கூப்புடணும். வாய் வரலீங்க எனக்கு! நானு, வாய் மூடாத ஆளு, எனக்கு வாய் வரல! அந்தப் பொண்ணு காலைலருந்து நின்னுக்கிட்டு இருக்குது, இப்பத்தான் உக்காந்துது, இதுக்குப் போய் எப்படிக் கூப்புடறதுன்னு இருக்குது. நாலு ஆம்பளைங்க வேற நிக்கறாங்க. மூணு தடவை "சு..."ன்னுட்டு நிறுத்திட்டேன்.

ஜெகதீசன் வாசலோரம் ஸ்டூல்ல உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. "சுகுணா, இஞ்ச வா, மிஸ்ஸுக்கு ஒதவி வேணும். நீங்க எல்லாம் செத்த அக்கட்டப் போங்க"ன்னாரு. சுகுணா வந்து, என்ற எடையத் தூக்கிக்கிட்டு, பின்னால கூட்டிட்டுப் போய்... சேலையப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சுங்க. மூஞ்சிய அக்கட்டால திருப்பிக்கிட்டு, வேணும்னே ஏதோ கொழுந்து வெல பத்திப் பேசிக்கிட்டே நின்னுச்சு, எனக்குச் சங்கடமா இருக்கக்கூடாதுன்னு. நான் அழுதுட்டேன். காலு வலிக்குதுன்னு நெனச்சுக்கிச்சு.

யாரையும் கூப்புடாம இருக்கணும். அதுதானுங்க அவரு சொன்னது. தாகம்னா கூப்புடணும், மழை வந்தா கூப்புடணும், மூஞ்சில ஈ உக்காந்தாக்கூட... இல்ல, ஈய அவரே ஓட்டுவாரு, கை நல்லாத்தான் இருக்குது. ஆனா புரியுதில்லீங்களா? அத்தனை படிச்சவங்க உக்காந்து முக்கா மணி நேரம் கத்துனோம், அவரு ஒரே வரியில சொன்னாரு, நாங்க போனுன்னு நெனச்சோம்!

முப்பத்தொம்பதா? பாருங்க, பேச்சு வாக்குல.

இப்பச் சேரா? அதான் கொடுமை. அங்க பாருங்க, அந்தக் கம்பி ஜன்னல் தெரியுதுங்களா, ஸ்டோர் ரூமு, உள்ள நீலக் கலர்ல... ஆமாங்க, அதேதான். என்னைய ஏத்திட்டு வந்த அதே ஜீப்புல அதையும் ஏத்திட்டு வந்துட்டாங்க. விசாரணைங்க! டைரக்டர் சார் உத்தரவு போட்டுட்டாரு: பிரேக்க ஆராய்ஞ்சு கமிட்டி சொல்ற வரைக்கும், சரிவுல ஊடு இருக்கறவங்களுக்கு வீல் சேரு கெடையாது. ஏனுங்க, இந்த ஜில்லாவுல சரிவுல இல்லாத ஊடு எது? வார்டுல பதினோரு பேரு ஊட்டுக்குப் போகக் காத்துக்கிட்டு இருக்காங்க. கமிட்டி எப்பக் கூடும்னு கமிட்டிக்கே தெரியாது. இன்னைக்கோட ஒம்பது நாளாச்சு. ஜெகதீசன் ஒம்பது நாளாக் கட்டல்ல கெடக்கறாரு. சுகுணா மறுபடியும் முதுகுல சொமக்குது. நெனச்சுப் பாருங்க, கதவயும் ஒடைச்சாச்சு, சேரும் இல்ல!

டெய்லி சாயங்காலம் எனக்குப் போன் பண்றாருங்க. "மிஸ், கால ஒசரத்துல வச்சுக்கறீங்களா? வெரல அசைக்கறீங்களா? பத்து தடவை, மறக்கக்கூடாது"ங்கறாரு. நான் சொல்லிக் குடுத்ததெல்லாம் எனக்கே திருப்பி! நான் "சரி, சரி"ன்னு வச்சுடுவேன். அப்புறம் ஊட்டுக்காரர் உப்புமா கொண்டாந்து குடுப்பாரு. உள்ள எறங்காது. உப்புமாவும் ஒரு காரணம்னு வைங்க.

என்ன... என்ன கேட்டீங்க?

இல்ல, கேட்டது காதுல விழுந்துச்சு. அவரு சேர்ல நான் எதுக்கு உக்காந்தேன்னு கேக்கறீங்க.

இத்தன நாளா டிரைவரு கேக்கல, டைரக்டர் கேக்கல, சிஸ்டர் கேக்கல. நீங்க கேட்டுட்டீங்க பாருங்க. முழங்கை வலின்னு வந்தவங்க.

கொஞ்சம் கிட்ட வாங்க. யாராவது வர்றாங்களா? இல்லையே?

அவரு அந்தக் கயித்துப் பாதையக் காட்டுனாரில்லீங்களா? எனக்குப் பாராட்டத் தோணல. ஆறு மாசம் நான் சொல்லிக் குடுத்ததுல இல்லாத ஒண்ண, அவராவே கண்டுபுடிச்சுச் செய்யறாரு. எனக்குப் பொறுக்கல. நெசமாச் சொல்றேன், பொறாமைங்க. "ஜெகதீசா, கயிறெல்லாம் காட்டுத்தனம். எறக்கத்துல சேர எப்படி ஓட்டணும்னு ஒரு டெக்னிக் இருக்குது, பாரு"ன்னேன். அவர ஸ்டூலுக்கு மாறச் சொல்லி, நான் சேர்ல உக்காந்துக்கிட்டேன். சுகுணா டீ வைக்க உள்ள போயிருந்துச்சு, வந்தவங்க நெலவுச் சட்டத்த அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. அவரு, "மிஸ், ராத்திரி மழை பேஞ்சிருக்கு, வழுக்கும், கயித்தையாவது புடிச்சுக்கங்க, மிஸ், பிரேக்க எடுக்காதீங்க, மிஸ்!"ன்னு கத்தறாரு. நான் கையக் காட்டி, "யாரு யாருக்குச் சொல்லிக் குடுக்கறது?"ன்னேன். கேட்டுட்டு, பிரேக்க எடுத்தேன். ரெண்டு பக்கமும். நானே.

ஆமாங்க. பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. அருமையான பிரேக்கு. நான்தான் எடுத்து விட்டேன்.

சத்தங்கேட்டு ஆளுங்க ஓடி வந்தாங்க. செடிக்குள்ளருந்து என்ற வாய்ல முதல்ல வந்தது என்ன தெரியுங்களா? "பிரேக் புடிக்கல!" ஒரு நொடிகூட யோசிக்கலீங்க. எங்கிருந்துதான் வந்துச்சோ! அப்ப மேலருந்து ஜெகதீசன் சொல்றாரு, "ஆமா, நான்தான் காலைல அத லூசாக்கி வச்சிருந்தேன், மிஸ்ஸுக்குத் தெரியாது"ன்னு. என்னையக் காப்பாத்தப் பொய் சொல்லிட்டாரு. அத டிரைவரு வந்ததும் கேட்டு, டைரக்டர்கிட்ட ஒப்பிச்சு, அது ஃபைல்ல ஏறி, 'பயனாளி பிரேக்கைக் கழற்றியதால்'னு டைப் ஆகி... சேரு ஸ்டோர்ல. நேத்துப் போன்ல கேட்டேன், "எதுக்குப்பா அப்படிச் சொன்னே?"ன்னு. "மிஸ், நீங்களே உருண்டீங்கன்னு தெரிஞ்சா, வார்டுல இனி ஒருத்தனாவது நீங்க சொல்றதக் கேப்பானா?"ங்கறாரு! சிரிக்கறாருங்க! கட்டல்ல படுத்துக்கிட்டு, எனக்காகச் சிரிக்கறாரு!

அப்படிப் பாக்காதீங்க. ஒம்பது நாளும் சொல்லணும்னுதான் இருந்தேன். முதல் நாள் மயக்க ஊசி. ரெண்டாம் நாள் காய்ச்சல். மூணாம் நாள்... மூணாம் நாளுக்குக் காரணம் இல்லீங்க.

சரி. சரிங்க. அந்தப் போன எடுங்க, என்ற பையில, ஸ்வெட்டருக்கடியில. குடுங்க. இப்ப விட்டா அப்புறம் எனக்கு வராது.

...ஹலோ, சார், சுகந்தி பேசறனுங்க. இல்ல சார், வலி பரவால்லீங்க. பத்துக்கு ஆறு. சார், அந்தச் சேரு விசயம்... இல்ல சார், கமிட்டி வேண்டாம். பிரேக் நல்லா இருந்துச்சு சார். ஜெகதீசன் கழட்டல. நான்தான். ஆமா. நான்தான் உக்காந்தேன், நான்தான் எடுத்தேன். கயிறு வேண்டாம்னதும் நான்தான். ...சார்? சார், லைன்ல இருக்கீங்களா? ...சிரிக்கறீங்களா சார்? ...ஆமா சார், தேயிலைக்குள்ளதான். தலை கீழாத்தான். ...மெமோவா? குடுங்க சார், ரெண்டாக்கூடக் குடுங்க, வாங்கிக்கறேன். எழுதியும் தர்றேன், கையெழுத்துப் போட்டு. அப்ப அந்த உத்தரவு? ...பதினோரு பேருக்குமா? சார்! அப்ப அவரு சேரு? ...இன்னைக்கேவா! கதவு அளக்க டேப்பும் அனுப்பணும் சார், இனி எல்லா ஊட்டுக்கும். அந்தக் கயித்துப் பாதையயும் நம்ம ஆளுங்களுக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்லி ஜெகதீசனயே கூப்புடலாம் சார்... சரி சார், அது அப்புறம் பேசிக்கலாம். சரிங்க. சரிங்க சார்.

கேட்டீங்களா? ரெண்டு மணிக்கு ஜீப்பு கெளம்புதாம்! சேரோட! அந்த ஊன்றுகோல எடுங்க, இல்ல, அந்த இன்னொண்ணு. ஸ்டோர் சாவி சிஸ்டர்கிட்ட இருக்குது, அவங்க சாப்பிடப் போறதுக்குள்ள வாங்கணும். சக்கரத்துல மண்ணு ஒட்டி இருக்கும், தொடைக்கணும். சுகுணாவுக்குப் போன் பண்ணணும்.

என்ன, நாப்பத்தெட்டா? என்னையத்தான் கூப்புடறாங்களா? நீங்க போங்க, நீங்க முதல்ல போங்க! இங்க வரிசையெல்லாம் நான் பாத்துக்கறேன், போர்டே என்னுது. என்ற காலு எங்கீங்க போயிரப் போகுது, கட்டுக்குள்ளதானே கெடக்குது!